கோலியின் ஜுரம்

நியூயார்க் நகரில் சென்ட்ரல் பூங்காவின் மேற்கு ஓரமாகவே வடக்கு நோக்கி நடந்து, 106 ஆம் தெரு வந்து கூடும் இடத்தை அடைந்தால், பழைய பிரெஞ்சுக் கோட்டைகளை நினைவூட்டும் பருத்த வட்டக் கோபுரங்களுடன் செங்கற் கட்டடம் ஒன்று நிற்பதைக் காணலாம். இன்று அது செல்வந்தர்கள் வாசம் செய்யும் குடியிருப்பு; 1884 இல் அஸ்திவாரம் இட்டு 1887 இல் திறந்த காலத்திலோ அது நியூயார்க் புற்றுநோய் ஆஸ்பத்திரி, அமெரிக்காவில் அந்த ஒரு வியாதிக்கென்றே ஏற்பட்ட முதல் வைத்தியசாலை. கோபுரங்களை வட்டமாக அமைத்தது அழகுக்காக மட்டுமன்று. மூலை என்று ஒன்று இருந்தால் அங்கே அழுக்கும் கிருமியும் தங்கும், மூலையில்லாத அறையில் அவற்றுக்குப் புகலிடம் கிடையாது என்பது அக்காலத்து வைத்தியர்களின் கருத்து. ஆகவே வளைந்த சுவரை ஒட்டி நோயாளிகளின் கட்டில்களைப் போட்டு, வெளிச்சமும் காற்றும் எப்பக்கமும் புழங்கும்படி செய்திருந்தார்கள். கிருமியை அண்டவிடாமல் இருப்பதற்கு இவ்வளவு யோசனை செய்து கட்டிய அந்த ஸ்தாபனத்தில்தான், வில்லியம் கோலி என்ற ரண வைத்தியர், கிருமிகளைத் தாமே பக்குவம் செய்து ஊசியில் ஏற்றி நோயாளிகளின் உடலுக்குள் செலுத்தி, அவர்களுக்குக் கடும் ஜுரம் காண்பதற்காகப் பக்கத்தில் காத்திருந்தார்.

உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றுநோயை அழிக்கும் இன்றைய சிகிச்சை முறைகளுக்கு அவரே பிதாமகர் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையைக் கண்ட மேதையை உலகம் ஒதுக்கியது, நூறு ஆண்டுகள் கழித்து அவருடைய வாக்கு பலித்தது என்று அந்தக் கதை முடியும். கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால் அன்றைய ஏடுகளைப் புரட்டிப் பார்க்கிறவனுக்கு அது பாதி உண்மையாகவே தோன்றும். கோலியை ஒதுக்கியவர்களுக்கும் நியாயம் இருந்தது, அவரைக் காப்பாற்றியதும் விஞ்ஞானத்தைவிட அதிகமாகப் பழைய காகிதங்களே என்பது என் அபிப்பிராயம்.

கனெக்டிகட் மாகாணத்தில் 1862 இல் பிறந்து, யேல் கலாசாலையில் படித்து, இரண்டு ஆண்டு காலம் பள்ளி ஆசிரியராக இருந்த பிறகே வைத்தியத்துக்குத் திரும்பி, 1888 இல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற கோலி, 1890 இல் இருபத்தெட்டு வயது இளைஞராக நியூயார்க்கில் தொழில் நடத்திக்கொண்டிருந்தபோது, 17 வயதுப் பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். ரயில் பிரயாணத்தில் ஆசனத்தின் இடுக்கில் வலது கை அகப்பட்டுக்கொண்டதாகவும், அன்றுமுதல் வீக்கமும் வலியும் தணியவில்லை என்றும் சொன்னாள். முதலில் அற்பக் காயமாகத் தோன்றியது, ஆராய்ந்து பார்த்தபோது எலும்பைச் சார்ந்து வளரும் சார்கோமா என்ற புற்று எனத் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுத்தார். சஸ்திர சிகிச்சை யாதொரு பிழையுமின்றி முடிந்தது. ஆயினும் சில வாரங்களுக்குள் உடலெங்கும் கட்டிகள் கிளம்ப, 1891 ஜனவரியில் அப்பெண் இறந்துபோனாள். எண்ணெய் வியாபாரத்தில் கோடீசுவரரான ராக்பெல்லரின் மகன், பிற்காலத்தில் தர்ம காரியங்களுக்குப் பெயர்பெற்ற இளைய ஜான் ராக்பெல்லர், அவளுடைய நெருங்கிய நண்பர். இந்தச் செய்தியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

தம் கத்தி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தும் பெண் பிழைக்கவில்லை என்ற துயரம் கோலியை நியூயார்க் ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகளிடம் கொண்டுபோய் விட்டது. முந்தைய பதினைந்து ஆண்டுகளில் சார்கோமாவுக்காகச் சேர்ந்தவர்களின் விவரங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனவர், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒருவருடைய குறிப்பிலே வந்து நின்றார். அம்மனிதருக்குக் கழுத்தில் கட்டி. வெட்டிய போதெல்லாம் திரும்பி வளர்ந்தது. கடைசி ரண சிகிச்சையில் முழுவதும் எடுக்க முடியாமல், காயமும் ஆறாமல், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிட்ட தறுவாயில் எரிசிபெலாஸ் என்ற தொற்று அவரைப் பற்றிக்கொண்டது. முகமும் கழுத்தும் நெருப்புப் பட்டதுபோல் சிவந்து வீங்க, கடும் ஜுரத்துடன் வரும் அந்த வியாதி, கிருமிநாசினிகள் சரியாக வழக்கத்துக்கு வராத அக்காலத்து ரண சிகிச்சை அறைகளின் பெரும் பயங்களில் ஒன்று. ஜுரம் ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் கட்டி சுருங்கியது. முடிவில் கட்டியும் இல்லை, ஜுரமும் இல்லை, நோயாளி வீட்டுக்கு நடந்து போனார் என்று குறிப்பு முடிந்திருந்தது.

சாதாரண வைத்தியர் இதை வாசித்து வியந்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பார். கோலி செய்தது வேறு. ஏழு ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய அந்த மனிதரைத் தேடி, மன்ஹாட்டனின் கீழ்ப்புறத்தில் ஏழைக் குடியேற்றக்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் வாசல் வாசலாக விசாரித்து, முடிவில் அவரை உயிரோடு, கழுத்தில் பெரிய தழும்போடு, வேறு குறை எதுவும் இல்லாதவராகக் கண்டுபிடித்தார். வைத்திய சரித்திரத்தில் ஆய்வுக்கூடத்தில் நடந்த கண்டுபிடிப்புகள் பல உண்டு. விலாசம் விசாரித்து நடந்த கண்டுபிடிப்பு இதைத் தவிர எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மேலும் தேடியபோது, தமக்கு முன்பே ஐரோப்பாவில் இவ்வழியில் சிலர் நடந்திருப்பதையும் அவர் அறிந்தார். பான் நகரத்து வைத்தியரான புஷ் என்பவர் 1868 இல், கழுத்துக் கட்டியோடு வந்த பெண் ஒருத்தியை எரிசிபெலாஸ் நோயாளிகள் கிடந்த படுக்கையில் வேண்டுமென்றே படுக்க வைத்து, தொற்று ஏற்பட்டதும் கட்டி வேகமாகக் குறைந்ததைப் பதிவு செய்திருந்தார். பிற்பாடு பேலைசன் என்ற ஜெர்மானியர் அந்தத் தொற்றை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைப் பிரித்தெடுத்து, அதையே புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். ஆனால் அவர்கள் இதைத் தொடர்ந்து நடத்தவில்லை. நாற்பது ஆண்டுகள் விடாமல் நடத்தியவர் கோலி ஒருவரே.

1891 மே மாதத்தில் இத்தாலியக் குடியேற்றக்காரர் ஒருவர் அவருக்குக் கிடைத்தார். தொண்டையிலும் கழுத்திலும் கட்டி; உணவை விழுங்குவதே கஷ்டம்; சில வாரங்களுக்கு மேல் தாங்க மாட்டார் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்ட நிலைமை. உயிருள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸை அவருடைய கட்டிக்குள்ளேயே கோலி செலுத்தினார். ஊசி போட்டதும் எரிசிபெலாஸ் வந்துவிடும் என்று எண்ணினால் அது வருவதாக இல்லை. சிறிது ஜுரம், சிறிது சுருக்கம், பிறகு பழையபடி வளர்ச்சி என்று மாதங்கள் கழிந்தன. அக்டோபரில், பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த வீரியமுள்ள கிருமியைச் செலுத்திய பிறகுதான் உண்மையான எரிசிபெலாஸ் மூண்டது. நோயாளி இறந்துவிடுவார் என்றே அஞ்சும்படி ஜுரம் ஏறிற்று. ஆனால் அதே சமயம் கழுத்துக் கட்டி உடைந்து கரையத் தொடங்கி, இரண்டு வாரங்களில் மறைந்தது. சில வாரங்களே ஆயுள் என்று சொல்லப்பட்ட அந்த மனிதர் அதன் பின் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

இந்த வெற்றியோடு சரித்திரம் நின்றிருந்தால் கோலியைக் கொண்டாடுவது எளிது. தொடர்ந்து வந்த நோயாளிகளில் சிலருக்கு எவ்வளவு செலுத்தியும் எரிசிபெலாஸ் வரவில்லை. சிலருக்கு வந்தது, கட்டி சுருங்கியது, திரும்ப வளர்ந்தது. இருவர் புற்றுநோயால் அன்றி அவர் தந்த தொற்றினாலேயே இறந்தார்கள். பென்சிலின் இல்லாத காலம் அது. மூட்டிய தீயை அணைக்கும் உபாயம் மூட்டியவர் கையில் இல்லை. எனவே உயிருள்ள கிருமியை விட்டுவிட்டு, சூட்டினால் கொன்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸோடு, அதன் வீரியத்தைப் பெருக்குவதாகக் கருதிய ப்ரோடிஜியோசஸ் என்ற மற்றொரு கிருமியையும் கலந்து ஒரு மருந்து செய்தார். 'கோலியின் நச்சுக்கள்' என்று உலகம் அறிந்தது அதுதான். 1893 ஜனவரியில், வயிற்றுச் சுவரில் பெரிய கட்டியோடு படுத்த படுக்கையாகக் கிடந்த பதின்வயதுப் பையன் ஒருவனுக்கு அதைத் தொடங்கி, அளவைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வோர் ஊசிக்கும் குளிர் நடுக்கமும் ஜுரமும் வரச்செய்து, நான்கு மாத காலம் நடத்தினார். கட்டி மறைந்தது. அந்தப் பையன் வளர்ந்து பெரியவனாகி, 26 ஆண்டுகளுக்குப் பிறகு மாரடைப்பால் இறந்தான்.

ஏன் கட்டி கரைந்தது என்று கேட்டால் கோலியிடம் பதில் இல்லை. கிருமியின் விஷமே புற்று அணுக்களைக் கொல்கிறது என்று அவர் நினைத்தார். உடல் தன் சொந்தப் படையை எழுப்பிக் கட்டியைத் தாக்குகிறது என்ற எண்ணத்துக்கு வேண்டிய சாஸ்திரம் அன்று குழந்தைப் பருவத்தில் இருந்தது. எதனால் பலிக்கிறது என்று தெரியாத மருந்து பலிக்கும்போது அற்புதமாகவும், பலிக்காதபோது மோசடியாகவும் தோன்றுவது இயற்கை. 1894 இலேயே அமெரிக்க வைத்திய சங்கத்தின் பத்திரிகை இம்முறை பயனற்றது என்று கண்டித்து எழுதியது. 1899 முதல் பார்க்-டேவிஸ் கம்பெனி மருந்தைத் தயாரித்து விற்றது, ஆனால் அது கோலிக்கு உதவியதைவிடக் கெடுத்தது அதிகம். கம்பெனியின் மருந்து ஒரு வகை, அவருக்கென்று தனியே தயாரித்துக் கொடுத்தவர்களின் மருந்து வேறு வகை. வீரியம் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. சிலர் தசையில் போட்டார்கள், சிலர் கட்டியில் போட்டார்கள், ஜுரம் கண்டதும் பயந்து நிறுத்தியவர்களும் உண்டு. போட்டவருக்கெல்லாம் ஒரே பலன் எப்படிக் கிட்டும்? போதாக்குறைக்கு, பழைய பதிவேட்டின் துல்லியத்தினால் புகழ்பெற்ற அதே கோலி, தம் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை. எத்தனை ஊசி, எத்தனை அளவு, எத்தனை டிகிரி ஜுரம், பிறகு எத்தனை காலம் உயிர் வாழ்ந்தார் என்ற விவரங்கள் கட்டுரைகளிலும் கடிதங்களிலும் சிதறிக் கிடந்தன. எதிரிகள் கேட்ட கேள்விகளுக்கு ஓரிடத்தில் விடை கிடையாது.

அந்த எதிரிகளில் முதன்மையானவர் ஜேம்ஸ் யூயிங். 1899 இல் மெமோரியல் ஆஸ்பத்திரி என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நோய்க்கூறியல் நிபுணராக வந்து அதன் போக்கையே நிர்ணயிக்கும் பதவிக்கு உயர்ந்தவர். எலும்பில் தோன்றும் ஒரு வகைப் புற்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. சுரங்கச் செல்வரான ஜேம்ஸ் டக்ளஸ், தம் மகளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தினால், பெருந்தொகையையும் ரேடியத்தையும் அந்த ஆஸ்பத்திரிக்கு வழங்கியபோது, ரேடியத்தின் பக்கம் உறுதியாக நின்றவர் யூயிங். கோலி குணப்படுத்தியதாகச் சொல்லும் கட்டிகளில் பல புற்றே அல்ல என்பது அவருடைய வாதம். இருவரும் ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் பணி செய்துகொண்டே ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்தார்கள். யூயிங்கைக் கொடியவராகச் சித்திரிப்பது இக்கால எழுத்தாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சம்மதமில்லை. ரேடியமும் எக்ஸ்-கதிரும் எல்லோருக்கும் ஒரேமாதிரி அளந்து கொடுக்கக்கூடியவை; கட்டி சுருங்குவதைக் கண்ணால் காணலாம்; நோயாளியைச் சாவின் வாசல்வரை கொண்டுபோகும் ஜுரம் வேண்டியதில்லை. கோலியே கதிர் சிகிச்சையைத் தாமும் கையாண்டவர்தான். அளக்க முடிந்ததை நம்பி, அளக்க முடியாததைச் சந்தேகிக்கும் குணம் விஞ்ஞானிக்குக் குற்றமாகாது. யூயிங்கின் பிழை வேறு இடத்தில் இருக்கிறது: சந்தேகித்தவர், சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனையை நடத்த முற்படவில்லை.

1936 இல் கோலி காலமானார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பழைய கண்டனத்தைச் சற்றுத் தளர்த்தி, சில நோயாளிகளுக்கு அந்த மருந்து பயன்படக்கூடும் என்று அதே வைத்திய சங்கப் பத்திரிகை ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குள் இளம் வைத்தியர்களின் நாட்டம் முழுவதும் வேறு பக்கம் போய்விட்டது.

அவருடைய மகள் ஹெலன் கோலி நாட்ஸ் வைத்தியம் படித்தவர் அல்லர். சர்வகலாசாலைப் பட்டமும் பெறாதவர். தகப்பனாரின் ஜீவிய சரித்திரத்தை எழுதும் எண்ணத்துடன் அவர் விட்டுச்சென்ற காகிதங்களைப் பிரித்தபோது, ஆயிரக்கணக்கான கடிதங்களும், நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், பல ஊர் வைத்தியர்கள் எழுதிய விவரங்களும் குவிந்திருந்தன. படிக்கப் படிக்க, சரித்திரம் எழுதும் எண்ணம் மறைந்து, தகப்பனார் செய்யத் தவறியதைச் செய்து முடிக்கும் எண்ணம் வளர்ந்தது. வியாதியின் வகை, மருந்தின் தயாரிப்பு, செலுத்திய இடம், அளவு, ஜுரம், பிறகு வாழ்ந்த காலம் என்று பகுத்து, தகப்பனார் மட்டுமின்றி மற்ற வைத்தியர்கள் நடத்திய சிகிச்சைகளையும் சேர்த்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் வரலாற்றைப் பல்லாண்டு உழைப்பில் தொகுத்தார். தொகுத்து முடித்தபோது, ஜுரம் வரும்படி, நீண்ட காலம் விடாமல் செலுத்தியவர்களுக்கே நற்பலன் மிகுதியாகக் கிடைத்தது என்பது தெளிவாயிற்று. தகப்பனாரின் பழைய ஆஸ்பத்திரியின் கதவைத் தட்டினார். அங்கே இரசாயன மருந்துகளில் ஆழ்ந்திருந்த அதிகாரிகள் பட்டமில்லாத ஒரு பெண்மணியின் வாதத்தைப் பொருட்படுத்தவில்லை. 1953 இல், நெல்சன் ராக்பெல்லர் அளித்த 2,000 டாலரைக் கொண்டு, ஆலிவர் கிரேஸ் என்பவரோடு சேர்ந்து, புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அவரே நிறுவினார். ஆறு தசாப்தங்களுக்கு முன் கையிழந்து இறந்த பெண்ணின் நண்பரான இளைய ராக்பெல்லருடைய மகன்தான் இந்த நெல்சன்.

அந்நிலையத்துக்குப் பிற்காலத்தில் வைத்திய இயக்குநராக அமைந்தவர் லாயிட் ஓல்ட். அவரும் சகாக்களும் 1959 இல், காசத்தைத் தடுக்கும் பி.சி.ஜி. கிருமியைப் பெற்ற எலிகளில் புற்றுக்கட்டிகள் வளரத் தடுமாறுவதைக் காட்டினார்கள். பி.சி.ஜி. என்றவுடன் நம்மவர்களுக்குக் கிண்டியின் நினைவு வராமல் போகாது. 1948 முதல் அங்கே அம்மருந்தைத் தயாரித்து நாடெங்கும் அனுப்பிவந்தார்கள்; உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலில் செலுத்துவது தகுமா என்று 1955 இல் ராஜாஜி ஒரு சிறு பிரசுரமே எழுதி எதிர்த்தார். ராஜாஜியின் வாதம் காசத்தைப் பற்றியது, புற்றைப் பற்றியதன்று. ஆயினும், உயிருள்ள கிருமியை மருந்தாக நம்பலாமா என்று நியூயார்க்கில் கோலியின் முன் எழுந்த சந்தேகத்தின் சாயல் அதில் இருக்கத்தான் செய்கிறது. அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் நேராகச் செலுத்தி, அங்கே மேற்பரப்பில் வளரும் புற்றைக் கட்டுப்படுத்தலாம் என்று கனடாவில் அல்வரோ மொராலஸ் 1976 இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும், நம் ஊர் ஆஸ்பத்திரிகள் உட்பட, அந்தச் சிகிச்சை நடைமுறையில் இருக்கிறது. கிருமியைக் கொண்டு புற்றை விரட்டும் கோலியின் எண்ணத்தில் அன்றாட வைத்தியமாக நிலைத்தது இது ஒன்றே எனலாம்.

கோலியின் சொந்த மருந்தின் கதி வேறு. அமெரிக்க அரசு மருந்துச் சட்டத்தை 1962 இல் இறுக்கியபின், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கத்தில் இருந்த கோலியின் நச்சுக்கள் புது மருந்தாகக் கணக்கிடப்பட்டு, புதிய சோதனைகளின்றிக் கொடுக்கக் கூடாததாயிற்று; 1965 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதை நிரூபணமாகாத முறைகளின் பட்டியலில், போலி வைத்தியங்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. பிற்பாடு பெயரை நீக்கினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில், 1975 இல், ஓல்டின் ஆய்வுக்கூடத்தில் எலிஸபெத் கார்ஸ்வெல்லும் மற்றவர்களும், கிருமியின் விஷம் ஏறிய எலிகளின் இரத்தத்தில் உடலே சுரந்த ஒரு பொருள் கட்டியை அழுகச் செய்வதைக் கண்டார்கள். கட்டியைக் கரைத்தது கிருமியின் விஷமன்று, விஷத்தைக் கண்டு உடல் விடுத்த எதிர்ப்பு என்பதற்கு ஓர் ஆதாரம் கையில் கிடைத்தது.

அதற்குப் பின் வந்த பெரும் முன்னேற்றம் கோலியின் வழியே வந்ததாகச் சொல்ல முடியாது. பிதாமகர் என்ற பட்டத்தை நான் தயக்கத்தோடு நோக்குவதற்குக் காரணமும் அதுவே. எதிர்ப்புச் சக்தியை விரட்டி எழுப்புவதே வழி என்று அவரும் அவருக்குப் பின் வந்த பலரும் கருதினார்கள். டெக்ஸாஸில் பிறந்த ஜேம்ஸ் ஆலிஸனும், கியோட்டோவைச் சேர்ந்த டசுகு ஹோஞ்சோவும் கண்டது எதிர்ப்புறமானது: நம் உடலைக் காக்கும் டி-அணுக்கள் எல்லை மீறாதபடி இயற்கையே அவற்றுக்குக் கடிவாளம் பூட்டியிருக்கிறது, புற்று அந்தக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துத் தப்பிக்கிறது, கடிவாளத்தைத் தளர்த்தினால் அணுக்கள் தாமே தாக்கும். ஆலிஸன் எலிகளில் இதை 1996 இல் காட்ட, அதிலிருந்து பிறந்த இபிலிமுமாப் என்ற மருந்து 2011 இல் அங்கீகாரம் பெற்றது. இருவரும் 2018 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பரவிவிட்ட மெலனோமா என்ற தோல் புற்றுக்கு இபிலிமுமாப் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர் மூன்றாண்டு கடந்தும் உயிரோடிருந்தார், அப்படிக் கடந்தவர்களில் பெரும்பாலோர் பத்தாண்டளவும் நிலைத்தார்கள் என்பது பிற்காலத்துக் கணக்கு. கடிவாளம் தளர்ந்த அணுக்கள் குடலையும் தோலையும் சுரப்பிகளையும் தாக்குவதும் உண்டு. கோலியின் நோயாளிகள் ஜுரத்தால் கொடுத்த விலையை இவர்கள் வேறு விதமாகக் கொடுக்கிறார்கள். ஆலிஸன் 2004 முதல் சில ஆண்டுகள் பணி செய்தது, கோலியும் யூயிங்கும் மல்லுக்கு நின்ற அதே மெமோரியல் ஸ்தாபனத்தில்.

யூயிங் நடத்தாமல் விட்ட சோதனையின் ஒரு பகுதியை, ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்து வைத்தியர்கள் இந்நூற்றாண்டில் நடத்திப் பார்த்தார்கள். நவீன முறையில் ஒரே தரமாகத் தயாரித்த கோலியின் கலவையை, முற்றிய புற்றுநோயுள்ள பன்னிரண்டு பேருக்கு, ஜுரம் காணும்வரை அளவை ஏற்றிச் செலுத்தி, இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்கள் எழுவதை அளந்து, 2012 இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்குக் கோலி விவரித்த ஜுரம் அப்படியே வந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு, சிறுநீர்ப்பைப் புற்று பரவியிருந்த நோயாளிக்கு, கட்டி ஓரளவு சுருங்கிற்று.